ஏரிக்குத் தண்ணீர் விடக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: வறண்ட பகுதியில் வாய்க்கால் பாசனத்தில் விவசாயம் செய்கிறேன். ஆற்றின் கடைசியில் வற்றிப்போன ஏரியை மீட்க எங்கள் பங்கைக் குறைக்கிறார்கள். சொட்டுநீருக்கு மாறினால் நஷ்டம் வராது, இழப்பீடும் உண்டு என்று ஒரு ஏஜென்ட் கையெழுத்துக் கேட்கிறார்.

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். ஏரியை மீட்பது நல்ல காரியம்தான். அந்த ஏஜென்ட் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

வாய்க்காலிலும் வயலிலும் கசிந்து வீணாவதாகச் சொல்லும் தண்ணீரில் பெரும்பகுதி நிலத்தடிக்குப் போய், உங்கள் கிணற்றிலும் பக்கத்து வயல்காரர் கிணற்றிலும்தான் ஊறுகிறது. சொட்டுநீர் போட்டால் அந்த ஊற்று குறையும். மிச்சமான தண்ணீரை வைத்து இன்னும் ரெண்டு ஏக்கர் பயிர் வைக்கலாமே என்று நமக்கே ஆசை வரும். அப்புறம் ஆற்றுக்கு என்ன மிஞ்சும்?

சீனாவின் ஹெய்ஹெ ஆற்றில் இதுபோல ஒன்று நடந்தது. 1992இல் வற்றிய கிழக்கு ஜுயன் ஏரிக்கு, நடுப்பகுதியான ஜாங்யேயின் பங்கைக் குறைத்து 2002இல் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஏரி உயிர்பெற்றது. ஆனால் ஜாங்யே விவசாயிகள் ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்ப, அங்கே நிலத்தடி நீர் இறங்கியது. மதகில் எத்தனை கன மீட்டர் திறந்தோம் என்று எழுதிக்கொள்ளும் அதிகாரிகள், கிணற்றில் கயிறு விட்டுப் பார்ப்பதில்லை. பல இடங்களில் இதே கதைதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் அடிநிலத்து நீர் உப்பாக இருந்தால் கணக்கே மாறும். கசியும் நல்ல தண்ணீர் உப்போடு கலந்து யாருக்கும் உதவாமல் போகிறது. தாழ்வான இடத்தில் தேங்கி ஆவியாகி, வெள்ளைப் பொருக்காக நிலத்தைக் கெடுப்பதும் இந்தக் கணக்குதான். அங்கே சொட்டுநீரால் கிடைப்பது நிஜமான சேமிப்பு. கிணற்று நீரை வாயில் வைத்துப் பாருங்கள், பரிசோதனையும் செய்யுங்கள். நல்ல தண்ணீர் என்றால் இந்தப் பத்தி உங்களுக்கில்லை.

இனி, கையெழுத்துக் கேட்கும் அந்தப் பத்திரத்துக்கு வருவோம். பங்கை விட்டுக்கொடுப்பது சில வருடங்களுக்கா, நிரந்தரமாகவா? நிரந்தரம் என்றால் வேண்டாம். மழை பொய்த்த வருடத்தில் யார் பங்கு முதலில் குறையும்? ஆழ்துளைக் கிணறுகளுக்கு எல்லோருக்கும் மீட்டர் உண்டா, உங்களுக்கு மட்டுமா? கலங்கல் ஆற்றுநீரில் சொட்டுநீர்க் குழாயின் ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். சொட்டுவாய்களில் உப்புப் படிந்து, குழாய்களைச் சுருட்டி வரப்போரம் போட்ட வயல்களை நிறையப் பார்த்துவிட்டேன். பழுதுச் செலவு யாருடையது? ஏஜென்டுக்குக் குழாய் விற்றதுமே கமிஷன் வந்துவிடும், அப்புறம் போனை எடுக்கமாட்டார்.

நிலம் குத்தகையா என்று நீங்கள் எழுதவில்லை. குத்தகை என்றால் இழப்பீடு பெரும்பாலும் பட்டாக்காரர் கைக்குத்தான் போகும், தண்ணீர் மட்டும் உங்களிடமிருந்து போகும். இழப்பீட்டில் உங்களுக்கு எவ்வளவு பங்கு என்று முதலில் அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு ஏஜென்டிடம் பேசுங்கள்.