தானிய வண்டும் தைலமும்: கேள்வி பதில்

பாகூர்: அரிசி மூட்டையில் யூகலிப்டஸ் தைலம் தெளித்தேன். ரெண்டு நாள் வண்டு இல்லை, பத்தாம் நாள் திரும்ப வந்துவிட்டது. ஏன் ஐயா?

பதில்: வந்தது புது வண்டு. கூன்வண்டு மணியைத் துளைத்து, முட்டையை உள்ளே வைத்து, துளையின் வாயை அடைத்துவிடும். புழு வளர்வதெல்லாம் மணிக்குள்தான். தைலத்தின் ஆவி வெளியே திரியும் வண்டைக் கொல்லும். உள்ளே இருப்பதை எட்டாது. சாக்கில் அந்த ஆவி தங்கவும் தங்காது. விதைக்கென்றால் மூடி இறுக்கிய டிரம்மில் பலன் உண்டு. சாப்பாட்டு அரிசிக்குத் தைலமே வேண்டாம்.

பண்ருட்டி: வேப்பெண்ணெய்தானே சிறந்த வாசனை எண்ணெய்?

பதில்: வாசனை எண்ணெய் நீராவியில் வடிப்பது, ஆவியாகும். வேப்பெண்ணெய் கொட்டையை ஆட்டி எடுப்பது, ஆவியாகாது. வேலை செய்யும் விதமே வேறு.

குறிஞ்சிப்பாடி: உளுந்து விதையில் வெள்ளைப் புள்ளிகள். என்ன செய்யலாம்?

பதில்: புள்ளிகள் பயறு வண்டின் முட்டைகள். இது வயலிலேயே முற்றிய நெற்றில் முட்டையிட்டு, அறுவடையோடு வீட்டுக்கு வந்துவிடும். முட்டை தோலின் மேலேயே ஒட்டியிருப்பதால் இங்கே எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது: கிலோவுக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கையால் பிசறினால் முட்டை மூச்சடைத்துச் சாகும். உள்ளே துளைத்துப் போன புழுவுக்கு இது தாமதம். அதனால் அறுவடையானதும் பிசறுங்கள். அதற்கும் முன்னால் காயப்போடுங்கள். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும்.

நெல்லிக்குப்பம்: வசம்பு?

பதில்: விதைக்கு அருமையான பொருள். அதிலுள்ள பீட்டா-அசரோன் என்ற வேதிப்பொருள் வண்டின் இனப்பெருக்கத்தையே கெடுக்கும். சாப்பிடும் அரிசியில் கலக்காதீர்கள்.

வில்லியனூர்: பிள்ளை வளர்ப்பான் என்று கைக்குழந்தைக்கே உரசிக் கொடுக்கிறோம். அதைப் போய் விஷம் என்கிறீர்களே!

பதில்: எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது கட்டிகள் வந்தன அம்மா. அமெரிக்கா 1968இல் உணவில் சேர்க்கத் தடை விதித்தது. மூட்டை முழுக்கப் பொடி தூவி, தினமும் சோறாகத் தின்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். குழந்தைக்கும் வேண்டாம் என்பதே என் எண்ணம்.

வில்லியனூர்: எங்கம்மா அம்பது வருஷம் குதிருக்குள் போட்டார்கள்.

பதில்: பொடியாகவா, துணியில் முடிந்தா?

வில்லியனூர்: முடிந்துதான்.

பதில்: அப்படியென்றால் நமக்குள் சண்டையே இல்லை. முடிச்சாக வைத்து, எடுத்துவிட்டு, அரிசியைக் கழுவிப் பொங்குங்கள்.

கடலூர் முதுநகர்: அரிசிக்கு எந்தத் தைலம், எத்தனை சொட்டு?

பதில்: முதல் பதில்தான்: சாப்பாட்டு அரிசிக்குத் தைலம் வேண்டாம். காயப்போடுங்கள்.

பரங்கிப்பேட்டை: கிராம்புத் தைலம் எத்தனை சொட்டு?

பதில்: அதே பதில். பூனை இருக்கும் வீட்டில் கிராம்புத் தைலத்தைத் திறந்தே வைக்காதீர்கள். அதன் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது.

விருத்தாசலம்: தைலம் பலிக்கவில்லை. படுக்கையறை மூட்டைக்குள் கடையில் விற்கும் வண்டு மாத்திரை வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். அதிலுள்ள அலுமினியம் பாஸ்பைடு காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷ வாயுவாகும். தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். மூட்டையை நாளைக்கே வெயிலில் கொட்டிக் காயவைத்து, சலித்து எடுங்கள்.