மூன்று ஹார்ட் டிஸ்க்கும் ஒரே முகமா?

கேள்வி: திருமண நிகழ்ச்சிகளுக்குப் புகைப்படம் எடுக்கும் தொழில் செய்கிறேன். ஒரே மாதிரியான 2 டிபி ஹார்ட் டிஸ்க்குகள் மூன்று வைத்திருக்கிறேன். கணினியில் செருகினால் மூன்றும் ஒரே சாம்பல் நிறப் பெட்டியாகத்தான் தெரிகின்றன. சென்ற வாரம் அவசரத்தில் தவறான டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டேன். ஒரு குடும்பத்தின் வளைகாப்புப் படங்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி ஐகான் வைக்கும் மென்பொருள் 1,200 ரூபாய்க்குக் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்த வேலையை விண்டோஸே இலவசமாகச் செய்யும்.

அதற்கு முன், அந்த வளைகாப்புப் படங்கள். நீங்கள் செய்தது 'குவிக் ஃபார்மட்' என்றால் படங்கள் பெரும்பாலும் இன்னும் டிஸ்க்கிலேயே இருக்கும். அழிந்தது அவற்றின் பட்டியல் மட்டுமே. ஆகவே அந்த டிஸ்க்கில் இனி ஒரு கோப்பைக்கூடப் பதியாதீர்கள். அப்படியே கழற்றி எடுத்துவைத்து, தரவு மீட்புத் தெரிந்தவரிடம் கொடுங்கள். 1,200 ரூபாயைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

இப்போது ஐகான். முதலில் டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ரீநேம்' கொடுத்து, 'திருமணம் 2024', 'காப்பு நகல்' என்று விளங்கும் பெயர் வையுங்கள். பாதிக் குழப்பம் இதிலேயே தீரும். அடுத்து, ஐகானுக்கான படத்தை, விண்டோஸ் ஐகான்களுக்கென்றே உள்ள 'ஐசிஓ' என்ற கோப்பு வடிவத்தில் தயார் செய்யுங்கள். 256 பிக்சல் சதுரம் போதும். ஜேபெக் படத்தின் பெயர் முடிவை மட்டும் மாற்றி ஐசிஓ ஆக்கிவிட முடியாது. 'கிம்ப்' போன்ற இலவச மென்பொருளில் திறந்து அந்த வடிவத்தில் ஏற்றுமதி செய்ய வேண்டும். அந்தக் கோப்பை டிஸ்க்கில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் நேரடியாக வையுங்கள்.

பிறகு நோட்பேடைத் திறந்து இரண்டே வரிகள் எழுதுங்கள். முதல் வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் 'ஆட்டோரன்' என்ற ஆங்கிலச் சொல். இரண்டாவது வரியில் 'ஐகான்' என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, உங்கள் ஐசிஓ கோப்பின் முழுப் பெயர். இதை அதே இடத்தில் 'ஆட்டோரன்.ஐஎன்எஃப்' என்று ஆங்கில எழுத்துகளில் சேமியுங்கள். சேமிக்கும்போது கோப்பு வகையில் 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மறந்தால் நோட்பேட் கடைசியில் 'டிஎக்ஸ்டி' என்று ஒட்டிவிடும், ஐகான் மாறாது. பலர் 'இது வேலை செய்யவில்லை' என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். டிஸ்க்கை முறையாக எஜெக்ட் செய்துவிட்டு மீண்டும் செருகினால் புதிய முகத்தோடு வரும். எந்த விண்டோஸ் கணினியிலும் அதே முகம்தான். கைபேசியிலும் மேக்கிலும் இந்த ஐகான் தெரியாது.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'டிரைவ் ஐகான்ஸ்' என்ற இடத்தில் மாற்றும் வழியும் ஒன்று உண்டு. உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அங்கே ஐகான் ஒட்டிக்கொள்வது டிஸ்க்கோடு அல்ல, 'இ', 'எஃப்' என்ற டிரைவ் எழுத்தோடு. நாளை வேறொரு டிஸ்க் 'இ' என்ற எழுத்தில் வந்து உட்கார்ந்தால் அதற்கும் அதே முகம் வந்துவிடும். ஒருமுறை அடிபட்டவருக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

கடைசியாக, டிஸ்க்கின் உடம்பிலும் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஐகானுக்கும் அதே நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். நாள் முழுவதும் யார் யாரோ பென் டிரைவ் கொண்டுவருகிறார்கள். செருகியதும் 'என்ன செய்யட்டும்' என்று ஒரு சிறு பெட்டி எழும்புகிறது. சில பென் டிரைவ்களில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கின்றன. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: இதற்காகவே வாங்க வேண்டியதில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் நிறுத்தப்படாமல், புதுப்பிப்புகளோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம் அந்தச் சிறு பெட்டி.

அதன் பெயர் ஆட்டோபிளே. அதற்கு மூத்தது, விண்டோஸ் 95 காலத்தில் வந்த ஆட்டோரன்: சிடியைப் போட்டதும் அதிலுள்ள நிரல் தானாக ஓடும். பின்னாளில் பென் டிரைவ்களும் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. விஷமிகளுக்குத் திறந்த வாசல் கிடைத்தது. 2008இல் பரவிய கான்ஃபிக்கர் என்ற புழு (தானே நகலெடுத்துப் பரவும் தீய நிரல்) செய்த வேலையைப் பாருங்கள். ஆட்டோபிளே பெட்டியில் 'கோப்புகளைப் பார்க்க ஃபோல்டரைத் திற' என்று இரண்டு வரிகள் தெரியும். இரண்டின் அருகிலும் அதே மஞ்சள் ஃபோல்டர் படம். கீழே இருப்பது விண்டோஸ் காட்டுவது. மேலே 'நிரலை ஓட்டு' என்ற தலைப்பின் கீழ் இருப்பது புழு. வேலை அவசரத்தில் முதல் வரியைத்தானே கை அழுத்தும்?

இதன் பிறகுதான் மைக்ரோசாஃப்ட் விழித்துக்கொண்டது. 2009இல் வந்த விண்டோஸ் 7, பென் டிரைவில் உள்ள நிரலைத் தானாக ஓட்ட முன்வருவதை நிறுத்தியது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கும் அந்தத் தடை புதுப்பிப்பாக வந்தது. இன்று பென் டிரைவில் 'ஆட்டோரன்.ஐஎன்எஃப்' கோப்பு இருந்தால் ஐகானும் பெயரும்தான் மாறும். முன் கேள்வியில் சொன்ன வழி ஆபத்தில்லாமல் இருப்பதும் அதனால்தான்.

உங்கள் கடையில் அந்தப் பெட்டியே வேண்டாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', ஆட்டோபிளே என்று போய் மேலே உள்ள பொத்தானை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 10இல் அது 'டிவைசஸ்' பகுதியில் இருக்கும்.

ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாகத் தெரிவதும் பென் டிரைவ் வழியே பரவும் புழுக்களின் வேலைதான். உண்மையான ஃபோல்டர்கள் மறைக்கப்பட்டிருக்கும். அவற்றின் பெயரில் நிற்கும் ஷார்ட்கட்டைத் திறந்தால் புழு உங்கள் கணினிக்குள் வந்துவிடும். தொடாதீர்கள். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரால் சோதியுங்கள். பிறகு, மறைந்திருக்கும் கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் மாற்றினால் வாடிக்கையாளரின் உண்மையான ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். அதிலிருந்து அச்சிட வேண்டிய பிடிஎஃப் கோப்பை மட்டும் எடுங்கள். பென் டிரைவில் புழு இருப்பதை அவரிடம் சொல்லியும் அனுப்புங்கள். வீட்டில் குழந்தைகளின் கணினியிலும் அதே டிரைவ்தான் போகும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. பிராஜெக்ட் அச்சிட அடிக்கடி வெளிக் கடைகளுக்குப் போகிறேன். புழு ஏறாத பென் டிரைவ் கிடைக்குமா?

பதில்: புதிதாக எதையும் பதியவிடாத பூட்டு உள்ள பென் டிரைவ்கள் உண்டு, ஆனால் அரிது. எளிதில் கிடைப்பது கேமராவில் போடும் பெரிய உருவ எஸ்டி கார்டும் (கைபேசியில் போடும் குட்டி மைக்ரோ எஸ்டி அல்ல) ஒரு கார்டு ரீடரும். கார்டின் பக்கவாட்டில் நகம் அளவுகூட இல்லாத ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். வீட்டில் கோப்பை ஏற்றியதும் அதை 'லாக்' பக்கம் தள்ளிவிடுங்கள். பெரும்பாலான ரீடர்கள் அதை மதித்து, கோப்பைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. வாங்கியதும் தாழ்ப்பாளைப் பூட்டி ஒரு கோப்பை நகலெடுத்துப் பாருங்கள். ஏறிவிட்டால் அந்த ரீடரை மாற்றித் தரச் சொல்லுங்கள்.