கீழ்ப்பக்க மதிலும் ஊதா இலையும்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் ஊர் மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சுமார் 200 சதுர மீட்டர் சரிவு நிலத்தில் காய்கறி போடுகிறேன். கோடை ஆரம்பித்துவிட்டது, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது என்று 40 தக்காளி நாற்று வாங்கி நட்டேன். மூன்று வாரம் ஆகிவிட்டது, வைத்தது வைத்தபடியே நிற்கிறது. இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கிறது. கூடவே போட்ட பீன்ஸ் விதையில் பாதி முளைக்கவே இல்லை. உரக்கடையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைபாடு என்று சொல்லி, அந்தச் சத்துள்ள டி.ஏ.பி. உரமும் ஒரு டானிக்கும் கொடுத்தார்கள். இரண்டு தடவை தெளித்துவிட்டேன். போன வாரம் ஒரே இரவில் கீழ்ப்பாத்தியில் 11 செடி கொதிநீர் ஊற்றியதுபோலத் துவண்டு கருத்துவிட்டது. மேல்பாத்தியில் ஒரு செடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு செல்போனில் குறைந்தபட்சம் 4 டிகிரி என்றுதான் காட்டியது. போன வருடமும் இதே சமயத்தில்தான் நட்டேன், எதுவும் கருகவில்லை. அடுத்து என்ன தெளிக்கலாம்? (பி.கு.: போன வருட அறுவடைக்குப் பிறகு மாடு நுழையாமலிருக்கக் கீழ்ப்பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு மதில் கட்டிவிட்டோம். அதனால் இப்போது காற்றுத் தொல்லையும் இல்லை.)

பதில்: அம்மா, எதையும் தெளிக்க வேண்டாம். நீங்கள் கேட்டதற்கு என் பதில் அவ்வளவுதான். இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன்.

கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதிய அந்த மதில்தான். போன வருடம் அதே நிலம், அதே சமயம், கருகவில்லை. இந்த வருடம் கீழ்ப்பாத்தி மட்டும் கருகியிருக்கிறது. நடுவில் மாறியது மதில் ஒன்றுதான். நாற்று நோயா, உரம் போதவில்லையா என்று தேடுவதற்கு முன்னால் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

குளிர்ந்த காற்று கனமானது. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, தண்ணீர் மாதிரியே சரிவைப் பார்த்து மெல்ல இறங்குகிறது. தண்ணீருக்கு வரப்புப் போட்டால் எப்படித் தேங்குமோ, அப்படித்தான் உங்கள் மதிலுக்குப் பின்னால் குளிர் தேங்கியிருக்கிறது. 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தெளிந்த இரவில் பள்ளத்தாக்கு இதற்கு நேர்மாறு. அடியில்தான் குளிர் அதிகம், நடுச்சரிவு கதகதப்பாக இருக்கும். மலைப்பகுதிகளில் பழத்தோட்டத்தைப் பள்ளத்தில் வைக்காமல் சரிவின் நடுவில் வைப்பதன் காரணம் இதுதான். உங்கள் ஊருக்கு நடக்கும் இதே சங்கதி, சின்ன அளவில் உங்கள் கொல்லைக்குள்ளும் நடக்கிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு வேலை செய்யுங்கள். வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாள், பொழுது சாய்ந்து அரைமணி கழித்து, மேல்பாத்தி ஓரத்தில் ஒரு கைப்பிடி ஈரச் சருகைப் புகைய விடுங்கள். புகை மேலே போகாது. முழங்கால் உயரத்தில் படுத்துக்கொண்டு கீழே நகரும். மதில் வரை போய் நிற்கும், அப்புறம் பக்கவாட்டில் பரவி உங்கள் தக்காளிப் பாத்தி மேல் கம்பளி போர்த்தியதுபோல உட்காரும். நான் முதன்முதலாக இதைப் பார்த்தது, என் தோட்டத்தின் கீழ் எல்லையில் நானே ஆசையாக வளர்த்த அடர்ந்த வேலி ஓரத்தில். இரண்டு வருடம் அந்த வேலியை ‘காற்றுத் தடுப்பு’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தடுத்தது என்னவோ உண்மைதான்.

மதிலை இடிக்கச் சொல்லவில்லை. மாட்டுக்காகக் கட்டியது, மாட்டைத் தடுக்கட்டும். தரை மட்டத்தில், நிலம் மிகவும் தாழ்ந்திருக்கும் இடத்தில், கொத்தனாரிடம் சொல்லி வரிசையாகத் திறப்பு விடச் சொல்லுங்கள். ஒரு முழ உயரமாவது இருக்கட்டும், கம்பி போட்டுக்கொள்ளலாம். ஒரே ஓட்டையாக இல்லாமல் நீளவாக்கில் பரவலாக இருப்பது நல்லது. வாசல் இருந்தால் தகரக் கதவுக்குப் பதில் கம்பிக் கதவு. திறப்புகளுக்கு முன்னால் செடி, விறகு, சாக்கு எதையும் அடுக்கி அடைத்துவிடாதீர்கள்.

அடுத்தது செல்போன் காட்டிய 4 டிகிரி. அது பொய் சொல்லவில்லை. ஆனால் வானிலைக் கணக்கில் சொல்லும் வெப்பம், தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில், நேரடி வெயில் படாத இடத்துக் காற்றினுடையது. உங்கள் நாற்று ஒரு சாண் உயரம்தான். தெளிந்த இரவில் மேலே 4 இருக்கும்போது தரையை ஒட்டி 0 ஆவது அபூர்வமில்லை. இலை இன்னொரு படி கீழே போகும், ஏனென்றால் அதுவும் வானத்துக்குச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, சுவரில் மாட்டாமல், கீழ்ப்பாத்தியில் கணுக்கால் உயரத்தில் ஒரு குச்சியில் கட்டுங்கள். ஒரே வாரத்தில் உங்கள் கொல்லையின் வானிலை வேறு, ஊர் வானிலை வேறு என்பது தெரிந்துவிடும்.

சரி, ஊதா இலை. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு, நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. இலை ஊதாவானால் பெரும்பாலும் செடிக்கு மணிச்சத்துக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மண்ணில் மணிச்சத்து இல்லை என்று அர்த்தமில்லை. மண் குளிர்ந்திருந்தால் தக்காளி வேர் வேலை செய்யாது. பக்கத்தில் சத்து இருந்தாலும் எடுக்காது. அந்த மண்ணில் மேலும் டி.ஏ.பி. போடுவது, பல் கிட்டிக் கிடப்பவன் முன்னால் இன்னொரு இலை போட்டுப் பரிமாறுவது மாதிரி. மண் சூடேறியதும் புது இலைகள் தானாகவே பச்சையாக வரும். அந்தச் சமயம் பார்த்து நீங்கள் எதைத் தெளித்திருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று பேர் வாங்கிக்கொள்ளும். டானிக் வியாபாரம் நடப்பதே இப்படித்தான்.

உரக்கடைக்காரரைத் திட்டவில்லை. அலமாரியில் இருப்பதைத்தான் அவரால் விற்க முடியும். ‘மூன்று வாரம் பொறுங்கள்’ என்பதைப் பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்ட முடியாதே. ஆனால் ‘குளிர் தாங்கும் சக்தி’ என்று சொல்லிக் கொடுக்கும் கலவைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு முறை நானும் வாங்கினேன். பாதி வரிசைக்கு அடித்தேன், பாதியை விட்டுவைத்தேன். உறைபனி விழுந்த மறுநாள் காலையில் எது எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க நோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் காசில் பாதிக்கு நீளக் கம்பி வைத்த தெர்மாமீட்டர் கிடைக்கும். மண் வெப்பம் பார்க்காமல் கோடைக்காய் நடுவதை விதைப்பு என்றே நான் சேர்ப்பதில்லை, அது சூதாட்டம். காலை 7, 8 மணிக்கு, வெயில் பாத்தியில் படுவதற்கு முன், 10 செ.மீ. ஆழத்தில் கம்பியை இறக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கணக்கு உதவாது, ஒரு நல்ல வெயில் நாள் ஏமாற்றிவிடும். பட்டாணி, பாலக்கீரை, முள்ளங்கிக்கு 5 டிகிரி தாண்டினால் போதும். உருளைக்கு 7, 8. பீன்ஸ் 15க்குக் கீழே விதைத்தால் முளைப்பதற்குள் அழுகிவிடும், உங்கள் பாதி விதை போன வழி அதுதான், விதையைக் குறை சொல்லாதீர்கள். தக்காளிக்கு 15, 16. வெள்ளரி, பூசணி வகைக்கு 18. குடைமிளகாய்க்கும் அவசரப்படாமல் அதே 18 வரை காத்திருங்கள்.

பள்ளத்தாக்கில் ஆளை ஏமாற்றுவது பகல் வெயில். மத்தியானம் சட்டை நனைகிறது, அதனால் கோடை வந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் காலையில் மலை மறைக்கிறது, வெயில் தாமதமாக வருகிறது. சாயங்காலம் எதிர்மலை மறைக்கிறது, சீக்கிரம் போய்விடுகிறது. மண்ணுக்குக் கிடைப்பது நடுவில் உள்ள சில மணி நேரம்தான். நமக்குச் சூடு தெரிய ஒரு நிமிடம் போதும், மண்ணுக்கு வாரக்கணக்கில் வேண்டும். 12 டிகிரி மண்ணில் மூன்று வாரம் மரத்துப்போய் நின்ற நாற்றை, மூன்று வாரம் கழித்துச் சூடான மண்ணில் வைத்த நாற்று சுலபமாகப் பிடித்துவிடும், பல சமயம் முந்தியும் போகும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு. மூடாக்குப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இப்போது வைக்கோல் போடாதவர்கள் யார்? மூடாக்குக்கு நான் எதிரியில்லை. ஆனால் குளிர்ந்த மண்மேல் வைக்கோலைப் பரப்பினால் குளிரைத்தான் மூடிப் பத்திரப்படுத்துகிறீர்கள். பகலில் வெயில் உள்ளே இறங்காது, இரவில் மண்ணின் கொஞ்சநஞ்சச் சூடும் இலைக்கு எட்டாது. உறைபனி இரவில் மூடாக்குப் போட்ட பாத்தி, வெறும் ஈரமண் பாத்தியைவிட மோசமாகக் கருகும். இருந்தால் இன்றைக்கே ஒதுக்கிவையுங்கள். மண் சூடானபின், வறட்சி தொடங்கும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இனி ஆபத்தான இரவுகள். சாயங்காலம் மேகமில்லை, இலை அசையவில்லை, இருட்டியதும் சட்டென்று குளிர்கிறது என்றால் அன்றைக்கு உஷாராக இருங்கள். மண் காய்ந்திருந்தால் முற்பகலிலேயே தண்ணீர் விடுங்கள், ஈரமண் பகல் சூட்டை அதிகம் பிடித்துவைத்து இரவில் விடும். வெயில் இறங்குவதற்கு முன்னால் பழைய போர்வையோ சாக்கோ போட்டு மூடுங்கள், குச்சி நட்டு அதன்மேல் போட்டால் இலை நசுங்காது. துணி தரை வரை வரவேண்டும். தண்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டால் மண்ணின் சூடு வெளியிலேயே நின்றுவிடும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால், தொட்ட இடமெல்லாம் கருகும். காலையில் குளிர் விட்டதும் எடுத்துவிடுங்கள். குப்பையைக் கொளுத்திப் புகை மூட்டம் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நான் புகையச் சொன்னது காற்றின் போக்கைப் பார்க்க மட்டும். தரையிலிருந்து போகும் சூட்டைப் புகை பிடித்துவைக்காது, இருமல்தான் மிச்சம்.

கருத்த 11 செடியை உடனே பிடுங்காதீர்கள். ஒரு வாரம் கழித்து அடித்தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்து, கணுவில் துளிர் தலைகாட்டினால் விடுங்கள். பழுப்பாக, தண்ணி கோர்த்து இருந்தால் நம்பிக்கை வேண்டாம். அந்த இடத்தில் மறுபடி தக்காளி வேண்டாம். மதிலை ஒட்டிய மூன்று நான்கு மீட்டரை லேசான பனி தாங்கும் பயிருக்கு விட்டுவிடுங்கள்: முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், பட்டாணி. தக்காளிக்கும் பீன்ஸுக்கும் மேல்பாத்தி.

புது நாற்று வாங்கும்போது பூ வைத்த, நெட்டையான நாற்றைப் பார்த்து மயங்காதீர்கள். பூ காட்டினால் சீக்கிரம் விற்கும் என்று கூடாரத்துக்குள் வைத்து ஊட்டி வளர்த்தது அது. குட்டையாக, தண்டு பென்சில் கனத்தில் இருப்பதைக் கேளுங்கள். வாங்கிய அன்றே நடாமல் 7 முதல் 10 நாள் வெளியில் பழக்குங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மலையில் 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் 10 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. நிழல்வலைக்குள் வளர்ந்த இலை அதில் வெள்ளைக் காகிதம்போல வெளுத்துவிடும். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் பூஞ்சாணம் என்று இன்னொரு பாட்டில் கிடைக்கும்.

மீதி டானிக்கை ஆற்றிலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள், பிரிக்காத பாட்டில் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கேளுங்கள். டி.ஏ.பி.யை ஈரம் படாமல் கட்டிவையுங்கள், மண் பரிசோதனை செய்து பார்த்தபின் தேவையா என்று முடிவு செய்யலாம். கீழ்ப்பாத்தி, மேல்பாத்தி இரண்டிலும் ஐந்து காலை மண் வெப்பம் எடுத்து எனக்கு எழுதுங்கள். மதிலில் திறப்பு விடுவதற்கு முன் ஐந்து நாள், விட்டபின் ஐந்து நாள், தரையோரக் குறைந்தபட்ச வெப்பத்தையும் சேர்த்து எழுதினால் நல்லது.