முரசுக்கு (பல் ஈறுக்கு) கீழே உடைந்த பல்லை, முரசில் சத்திரசிகிச்சை செய்து காப்பாற்றினால் நிலைக்குமா?

எனக்கு நாலு வருசமாக நிலைத்திருக்கிறது. ஆனால் எல்லாப் பல்லுக்கும் இது சரிவராது.

என்னுடையது புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) கடித்த வினை. ஏற்கெனவே வேர்ச் சிகிச்சை செய்த கீழ்ப்பல் ஒன்று, உள்பக்கமாக முரசுக்குக் கீழே வரை உடைந்துபோனது. யாழ்ப்பாணத்தில் முதலில் காட்டியவர் அதற்கு மேலேயே உறை (பல்லை மூடும் செயற்கைத் தொப்பி) போட்டுவிட்டார். ஆறு மாதம் முரசு சிவந்து வீங்கி, பிரஷ் பட்டாலே இரத்தம்.

இரண்டாவது வைத்தியர் எக்ஸ்ரேயைக் காட்டித்தான் விளங்கப்படுத்தினார். உறையின் விளிம்புக்கும் எலும்புக்கும் இடையில் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வேண்டுமாம். அதில் 2 மில்லிமீற்றர் அளவு முரசு பல்லோடு ஒட்டுகிற இடம். அந்த இடத்துக்குள் உறை இறங்கினால் முரசு ஆறவே ஆறாது. அதனால் பழைய உறையைக் கழற்றி, பல்லைச் சுற்றி எலும்பைக் கொஞ்சம் அராவி, முரசைப் பதித்துத் தைத்தார்.

விறைப்பு ஊசி போட்டதால் அப்போது நோகவில்லை. பிறகு மூன்று நாள் நோ, ஒரு கிழமையில் தையல் வெட்டு. அதுவரை ஆறின இடியப்பமும் சொதியும்தான். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநீக்கி மருந்தைக் கொப்பளித்துக்கொண்டு பிளேன்ரீயும் குடித்ததில் பல்லெல்லாம் மண்ணிறமானது. அது பிறகு சுத்தம் செய்யப் போய்விட்டது.

பொறுமையைச் சோதித்தது காத்திருப்புத்தான். தற்காலிக உறையோடு இரண்டு மாதம். முன்பல் என்றால் 3 முதல் 6 மாதம்கூட ஆகும், முரசின் விளிம்பு அதுவரை அசைந்துகொண்டிருக்கும். கலியாணம் வருகுது, கெதியாப் போடுங்கோ என்று வைத்தியரை நெருக்கினால், பிறகு படத்தில் உறையின் விளிம்பு தெரியும்.

இப்போது இரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் பல் நீளமாகத் தெரிகிறது. பக்கத்துப் பல்லின் வேரும் கொஞ்சம் வெளியே வந்ததால், நல்லூர்த் திருவிழாவில் ஐஸ்கிறீம் வாங்கினால் மற்றப் பக்கத்தால்தான் சாப்பிடுகிறேன். இடைவெளியில் புட்டின் தேங்காய்ப்பூ நிற்கும். இடுக்குப் பிரஷ் இல்லாமல் படுக்கப் போவதில்லை.

யாருக்குச் சரிவராது? வேர் நீளவாக்கில் பிளந்திருந்தால் அந்தப் பல்லை மறந்துவிடுங்கள். வேர் குட்டை என்றால் எலும்பை அராவிய பிறகு பல் ஆடும். பெரிய கடைவாய்ப் பல்லில் வேர் பிரிகிற இடம் வெளியே வந்துவிட்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு. உறை பிடித்து நிற்க நல்ல பல் 1.5 முதல் 2 மில்லிமீற்றராவது மேலே தெரியவேண்டும். முன்பல்லுக்குச் சிலவேளை எலும்பில் கைவைக்காமல், கம்பி போட்டுப் பல்லையே மெல்ல மேலே இழுப்பதும் உண்டு. சிகரெட் பிடிப்பவர் என்றால் புண் ஆறச் சுணங்கும், அதை வைத்தியரிடம் ஒளிக்காதீர்கள்.

புழுக்கொடியலை விடவில்லை. அம்மா தேங்காய்ப்பூவோடு உரலில் இடித்துத் தருகிறா.