கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள்

அன்புள்ள ஐயா,

பொம்மை ரயில்களும் மாதிரி ரயில்களும் விற்கும் ஹேட்டன்ஸ் நிறுவனம் 2024இல் மூடப்போவதாக அறிவித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. நான் லெஸ்டரில் வளர்ந்தவன். இரவு வேலை முடித்து வரும் அப்பா சனிக்கிழமைகளில் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிச் செல்வார். அங்கே ஒரு பொம்மைக் கடையின் கண்ணாடிக்குள் ரயில் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா ஒருநாளும் வாங்கித் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. இன்று என் மகனுக்குக் கைப்பேசி போதும். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் வியப்பு இவர்களிடம் இல்லை. இப்போது ஹார்ன்பி என்ற பொம்மை ரயில் நிறுவனம் 1955இல் செய்த ‘டப்லோ’ வகை ரயில் ஒன்று, பெட்டிகூடக் கலையாமல், ஏலத்துக்கு வருகிறது. வாங்கிப் பத்திரப்படுத்தலாமா? மூன்று தண்டவாளம் சிறந்ததா, இரண்டா?

க., லெஸ்டர்

அன்புள்ள க.,

தண்டவாளக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது, “அப்பா ஒருநாளும் வாங்கித் தந்ததில்லை; நானும் கேட்டதில்லை” என்ற வரி. பழைய பொம்மைக் கடைகளை நினைத்து ஏங்குகிறவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் உள்ளே ஓடியதை வாங்க வழியில்லாதவர்கள். 1937இல் ஹார்ன்பி வெளியிட்ட ‘பிரின்சஸ் எலிசபெத்’ பொம்மை எஞ்சினின் விலை ஐந்து கினி, அதாவது ஐந்து பவுண்டுக்குச் சற்று அதிகம். அன்றைய பிரிட்டனில் ஒரு சாதாரணத் தொழிலாளியின் வாரக் கூலி முழுவதையும் கொடுத்தாலும் அது கைக்கு வராது. லிவர்பூலின் பின்ஸ் சாலை ஆலையில் அதைப் பூட்டி, வண்ணம் தீட்டி அனுப்பியவர்களின் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அதைத் தொட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அவர்கள் அதைப் பார்த்தார்கள். லண்டன் ஹோல்போர்னில் 1878இல் தொடங்கி 1972இல் மூடப்பட்ட கேமேஜஸ் பல்பொருள் அங்காடியில், கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு பெரிய மாதிரி ரயில் காட்சி வைப்பார்கள். ஜெர்மனியில் பிறந்த பெர்ட்ரம் ஓட்டோ என்பவர் அமைத்தது அது. விளக்குகளை மங்கவைத்தும் ஒளிரவைத்தும் அந்தச் சின்ன உலகத்தில் பகலையும் இரவையும் மாறிமாறி வரவழைப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் பேர் வந்து பார்த்தார்கள். அது விற்பனைக்காக வைக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. இருந்தாலும், தேர் ஓடும் தெருவில் நிற்பவனிடம் யாரும் கட்டணம் கேட்காததைப் போல, அங்கே நிற்பவனிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை. பையில் காசில்லாத பிள்ளைக்கும் அந்த இரவும் பகலும் குறைவில்லாமல் கிடைத்தன.

எழுபதுகளில் நான் லண்டனில் மாணவனாக இருந்தபோது, என் அறைக்குப் பக்கத்துத் தெருவில் மிதிவண்டிகளையும் பொம்மை ரயில்களையும் சேர்த்து விற்கும் ஒரு சிறிய கடை இருந்தது. அந்த நாட்டில் அப்படிப்பட்ட கடைகள் அப்போது நிறைய. அதன் உரிமையாளர் கடையைப் பூட்டிய பிறகும் கண்ணாடிக்குள் ஓடும் ரயிலை நிறுத்த மாட்டார். பேருந்துக்காக நிற்கும் செவிலியர்களும் அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கச் செல்லும் பெண்களும், ஊரிலிருந்து கடிதம் வராத நாள்களில் நானும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இடைவிடாமல் ஓடுவதால் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிடும். அவரே உட்கார்ந்து மாற்றுவார். எதற்கு இந்த வீண் செலவு என்று ஒருமுறை கேட்டேன். “பகலில் வருகிறவர்களுக்கு விலைப்பட்டியல் இருக்கிறது, இரவில் வருகிறவர்களுக்கு என்ன இருக்கிறது?” என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். நான் அவரிடம் எதையும் வாங்கியதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்றைய பிள்ளைகளுக்கு வியப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்க மாட்டேன். நிற்பதற்கு ஒரு கண்ணாடிச் சாளரம்கூட இல்லாத தெருவில் பிள்ளையை நடத்திச் சென்றுவிட்டு, அவன் நிற்கவில்லை என்று குறைசொல்வது நியாயமா? அந்தக் கடைகளை மூடவைத்தவர்கள் பிள்ளைகள் அல்லர். உற்பத்தியாளர் வைத்த விலைக்குத்தான் எல்லாக் கடைகளும் விற்க வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பிரிட்டனின் 1964ஆம் ஆண்டுச் சட்டம் உடைத்தது. அதன் பிறகு பெருங்கடைகளும் அஞ்சல்வழி விற்பனையாளர்களும் விலையைக் குறைக்க, தெருமுனைக் கடையின் சாளரத்தில் பார்த்துவிட்டு வேறிடத்தில் மலிவாக வாங்கியவர்கள் பெரியவர்கள்தாம். 1946இல் லிவர்பூலில் தொடங்கிய ஹேட்டன்ஸ்கூட, அஞ்சல்வழியாகவும் பின்னர் இணையவழியாகவும் குறைந்த விலைக்கு விற்றுப் பெயர் பெற்ற நிறுவனம்தான். அதற்காக வருந்துங்கள், தவறில்லை. அந்தக் கணக்கை உங்கள் மகன் தலையில் எழுதாதீர்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். “பத்திரப்படுத்தலாமா” என்று கேட்கிறீர்கள். பெட்டி கலையாத ரயிலை அலமாரியில் பூட்டி வைப்பவர், தம் சிறுவயதுக் கண்ணாடியை மறுபடியும் கட்டி, அதற்கு உள்ளே தாம் மட்டும் போய் நின்றுகொள்கிறார். நீங்கள் இழந்தது ஓடுகிற ரயிலையும், அதைச் சுற்றி முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து நிற்கும் இடத்தையும். ஏலத்தில் அவை இரண்டும் கிடைக்காது. பூட்டி வைப்பதால் பொருளும் பிழைப்பதில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஹார்ன்பி ரயில்கள், டிங்கி பொம்மைக் கார்கள் ஆகியவற்றின் உலோக வார்ப்புகள் பலவற்றில் துத்தநாகக் கலவையோடு ஈயம் போன்ற மாசு சேர்ந்துவிட்டதால், தொடாமல் வைத்த பெட்டிக்குள்ளேயே அவை விரிசல்விட்டு உதிர்ந்திருக்கின்றன. உங்கள் 1955ஆம் ஆண்டு எஞ்சினுக்கு அந்த நோய் வராமல் போகலாம். ஆனால் ஓடாமல் கிடந்தால் அதன் எண்ணெய் பிசினாக இறுகிவிடும்.

ஏக்கத்தை வேலையாக மாற்றியவர்கள் இருக்கிறார்கள். 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்கிலண்ட் என்ற இளைஞர், ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரைவேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறிப்போவதைக் கண்டு, அவற்றை அட்டையிலும் காகிதத்திலும் அளவு பிசகாமல் செய்யத் தொடங்கினார். ஆக்ஸ்போர்டுஷரில் 1954இல் அவர் நிறுவிய பெண்டன் அருங்காட்சியகத்தில், அந்தப் பள்ளத்தாக்கைத் தன்னார்வலர்கள் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிரெடெரிக் பிரவுன் 2000ஆம் ஆண்டில் சூரிக் நகரத்தில் ஒரு மாதிரி ரயில் கடைக்குள் நுழைந்தபோது, அவருடைய சிறுவயது ஆசை திரும்ப எழுந்தது. இரட்டைச் சகோதரர் கெரிட்டை அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டே ஹாம்பர்க்கில் ‘மினியேச்சர் வுண்டர்லாண்ட்’ என்ற பெரிய மாதிரி ரயில் காட்சி திறக்கப்பட்டது. அங்கே கட்டணம் உண்டு என்பதும், தெருக் கண்ணாடிக்கு அது முழு ஈடாகாது என்பதும் உண்மைதான். ஆனாலும் அங்கே ரயில் ஓடுகிறது.

ஹார்ன்பி டப்லோ 1938இல் மூன்று தண்டவாளத்தோடு வந்தது. இரண்டு தண்டவாள முறை 1959இல்தான் சேர்ந்தது. ஆகவே உங்கள் ஏலப் பொருளில் தேர்வுக்கே இடமில்லை. நடுத் தண்டவாளம் வழியாக மின்சாரம் வருவதால், பாதை வளைந்து வந்து தன்னோடு தானே சேர்ந்தாலும் மின்சுற்று குழம்பாது. பிள்ளைகள் விருப்பப்படி பூட்டலாம். பெட்டி இல்லாத, கீறல் விழுந்த, ஆனால் ஓடுகிற ஒன்றை மலிவாக வாங்குங்கள். உங்கள் வட்டாரத்தில் மாதிரி ரயில் கழகம் எது என்று விசாரித்து, மகனை அழைத்துக்கொண்டு அவர்கள் கண்காட்சி நடத்தும் நாளில் போங்கள். கட்டுப்பாட்டுக் குமிழை அவன் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கழகத்துக்காரர்கள் மறுப்பது அபூர்வம். அப்பா இருக்கிறாரென்றால் அவரையும் கூட்டிச் செல்லுங்கள்.