பழைய ஸ்பீக்கரில் 'உம்ம்ம்': கேள்வி பதில்

உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வைத்த பழைய ஸ்பீக்கர்களைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சத்தத்தைப் பற்றித்தான். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன் எல்லோரும் ஒன்று செய்யுங்கள். சிக்னல் கேபிளைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். உம்ம் நின்றால் கோளாறு வெளியே, நிற்காவிட்டால் உள்ளே.

கேள்வி: லேப்டாப்பை இணைத்தால் உறுமுகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. ஸ்பீக்கர் போச்சா? (கோவை)

ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. காரணத்தை நீங்களே பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் சார்ஜரும் மூன்று பின், ஸ்பீக்கரும் மூன்று பின். இரண்டும் வேறு வேறு ஸ்விட்ச் போர்டில் இருந்தால், இரு எர்த்துக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். நடுவில் ஆடியோ கேபிளின் ஷீல்டு (உள் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக வலை) ஒரு வளையத்தைப் பூர்த்தி செய்துவிடுகிறது. அதில் ஓடும் மின்சாரம் பாட்டோடு சேர்ந்து உள்ளே போகிறது.

முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிப் பாருங்கள். பல வீடுகளில் கதை அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் 'கிரவுண்ட் லூப் ஐசலேட்டர்' என்ற சின்ன டப்பாவைக் கேபிளுக்கு நடுவில் போடுங்கள். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். சிக்னல் கடந்து போகும், எர்த் போகாது. ரொம்ப மலிவானதை வாங்கினால் பேஸ் மெலிந்துவிடும், அதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

வேண்டாம். ஒரு காலத்தில் நானும் அதைச் செய்தவன்தான். உம்ம் உடனே நின்றது, பெருமையாகவும் இருந்தது. ஒரு மாதம் கழித்து, கேபிளைக் கழற்றிவிட்டு, துடைத்த ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பின்பக்கத் தகட்டைத் தொட்டேன். கையை உதறிவிட்டது. உள்ளே ஒரு ஒயரின் உறை உரசித் தேய்ந்து 230 வோல்ட் தகட்டுக்கு வந்திருந்தது. எர்த் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், அவ்வளவுதான். வளையத்தை உடைக்க வேண்டிய இடம் ஆடியோ கேபிள். பவர் ஒயரில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எதையும் இணைக்காமலே உம்ம் வருகிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் குறையவில்லை. (திருச்சி)

அப்படியென்றால் வால்யூம் குமிழுக்கு அப்பால், பெரும்பாலும் பவர் சப்ளையில்தான் கோளாறு. மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள் (கெப்பாசிட்டர்கள்) காய்ந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ஒவ்வொரு சுழற்சியின் இரண்டு பாதியையும் பயன்படுத்துவதால் அங்கே பிறக்கும் உறுமல் 100 ஹெர்ட்ஸ். எர்த் வளையத்தின் சத்தம் அதைவிட ஆழமாக இருக்கும். பழகிய காது இரண்டையும் பிரித்துவிடும்.

பழைய கண்டென்சரில் 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் என்று இருந்தால், மாற்றிப் போடும் புதியதிலும் மைக்ரோஃபாரட் அதேதான் வேண்டும். வோல்ட் அதுவாகவோ 50 ஆகவோ இருக்கலாம். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், ஒரு கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் கிளிப் போட்டு அரை நிமிஷம் இணைத்துவிட்டு மீட்டரில் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடுவது சில மெக்கானிக்குகளின் வீர விளையாட்டு. அது நமக்கு வேண்டாம். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் பழைய ரேடியோ பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என்னுடையதில் ஐந்து பின் வட்ட டின் (DIN) சாக்கெட். அடாப்டர் வாங்கிப் போட்டேன், கேபிளைத் தொட்டால் கத்துகிறது.

தொட்டால் கூடுகிறது என்றாலே ஷீல்டு எங்கோ விட்டுப்போயிருக்கிறது. டின்னில் நடுப் பின்தான் கிரவுண்ட். அதிலிருந்து அடாப்டரின் மறுமுனையில் இருக்கும் ஆர்சிஏ (RCA) பிளக்கின் வெளி வளையத்துக்கு மல்டிமீட்டரில் 'பீப்' வருகிறதா பாருங்கள். மலிவு அடாப்டரில் அந்தச் சால்டர்தான் முதலில் விடும்.

கேள்வி: போனில் சுத்தமாக இருக்கிறது, டிவியில் மட்டும் உம்ம்.

டிவிக்கோ செட்டாப் பாக்ஸுக்கோ வரும் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால், தெருவிலிருந்து இன்னொரு எர்த் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் ஒரு சின்ன டிஏசி (டிஜிட்டல் சிக்னலைச் சாதாரண ஆடியோவாக மாற்றும் டப்பா) வாங்குங்கள். ஆப்டிகல் ஒயரில் போவது வெளிச்சம் மட்டுமே, மின்சாரத்துக்கு அங்கே வழியில்லை.

கேள்வி: ரெக்கார்டு பிளேயர்?

அதிலிருந்து தனியாகத் தொங்கும் மெல்லிய ஒயரை ப்ரீ-ஆம்பின் (பிளேயரின் சன்னமான சிக்னலைப் பெரிதாக்கும் பெட்டி) கிரவுண்ட் திருகில் மாட்டினீர்களா? முதலில் அது.

கேள்வி: புளூடூத் ரிசீவர் போட்டும் 'கீச்' என்கிறது.

ரிசீவருக்குக் கரண்ட் தரும் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். பவர் பேங்கில் போட்டுக் கேளுங்கள். நின்றால் சார்ஜரை மாற்றிவிடுங்கள்.