சிட்னி மணற்கல் நிலத்தின் நேட்டிவ் ரோஸ்: கேள்வி பதில்

வடக்கே கோஸ்ஃபோர்டு, தெற்கே ராயல் தேசியப் பூங்கா. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மணற்கல் நிலத்தில்தான் நேட்டிவ் ரோஸ் எனப்படும் போரோனியா செருலேட்டா இயற்கையாக வளர்கிறது. கறிவேப்பிலை, எலுமிச்சைக் குடும்பம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கிளை நுனிகளில் ரோஜா நிறக் கிண்ணப் பூக்கள், நல்ல வாசனை. வந்த கேள்விகளில் பாதி, ‘ஏன் செத்தது?’ என்பதுதான்.

டூங்காபியிலிருந்து ஒருவர்: நர்சரியில் வாங்கித் தோட்டத்தில் நட்டேன் அண்ணா. பூத்து முடிந்து, டிசம்பரில் திடீரென்று வாடிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றினேனே?

உங்கள் பக்கம் களிமண். மணற்கல் மண்ணில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும், ஆனால் தேங்காது. களிமண்ணில் தோண்டிய குழியோ தொட்டி மாதிரி நீரைப் பிடித்துவைக்கும். டிசம்பர் இங்கே கோடை; அந்தச் சூட்டில், தேங்கிய ஈரத்தில் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி பெருகும். வேர் போனதால் இலை வாடுகிறது. பார்ப்பவர் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார், முடிவு சீக்கிரம் வரும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் சந்தேகப்படுங்கள். பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, தோல் கழன்று வரும். அந்த நிலையில் காப்பாற்ற முடியாது. செடியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். அதே குழியில் மறுபடி நடவும் வேண்டாம்.

ஹோம்புஷ்: அப்போ தொட்டியில் வளர்க்கலாமா?

களிமண்காரருக்கு அதுதான் வழி. 25 செ.மீ. தொட்டி. கழுவிய கரடுமுரடான ஆற்று மணல் 2 பங்கு, ஆஸ்திரேலியச் செடிகளுக்கான தொட்டிக்கலவை 2 பங்கு, கழுவிய தென்னைநார்த்தூள் 1 பங்கு. கட்டிட வேலைக்கான நைசு மணல் இறுகிவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்.

இந்தச் செடிக்கு வேர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். காட்டில் பாறை இடுக்கு அந்த வேலையைச் செய்கிறது. வீட்டில் மேலே ஒரு தட்டைக் கல்லைப் பரப்பலாம். அல்லது தொட்டியைச் சற்றுப் பெரிய இன்னொரு தொட்டிக்குள் இறக்கலாம். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மதிய வெயிலில் வேரை வேகவைத்துவிடும். காலை வெயில், மதிய நிழல் சரி. ஒரு முறை முழுக்கக் காய்ந்தாலும் பெரும்பாலும் மீளாது.

உரம்?

பாஸ்பரஸ் குறைந்த, மெதுவாகக் கரையும் உரம், பூ முடிந்ததும் பாதி அளவு. கோழி எரு கூடாது. அப்போதே நுனிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் துளிர்க்காது.

வென்ட்வொர்த்வில்: விதையா, தண்டா?

தண்டு. விதைக்கு உறக்கம் அதிகம், எளிதில் முளைக்காது. காட்டில் தீ கடந்த பிறகுதான் நாற்றுகள் கூட்டமாக வரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வளைத்தால் விறைப்பாக நிற்கும் அளவு முற்றிய நுனியை 6–8 செ.மீ. வெட்டுங்கள். கீழ் மூன்றில் இரண்டு பங்கு இலையைக் கீழிருந்து மேலாக இழுக்காமல் கத்தரியால் நறுக்குங்கள், இழுத்தால் பட்டை கிழியும். வேர் ஹார்மோனில் தொட்டு, பெர்லைட் (இலேசான வெள்ளை எரிமலைக் கல்துகள்) 3 பங்கு, தென்னைநார்த்தூள் 1 பங்கு கலவையில் நட்டு, அடி வெட்டிய பாட்டிலால் மூடுங்கள். வேர்விட இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம், பிடுங்கிப் பார்க்காதீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் தோட்டத்தில் ஆயுள் குறைவான செடி, அதனால் ஆண்டுதோறும் சில தண்டுகள் போட்டுவையுங்கள்.

கோடைக்கானல்: உறவினர் விதை கொண்டுவரலாமா ஐயா?

பெட்டியில் போட்டு எடுத்துவர வேண்டாம். ஆஸ்திரேலியாவின் இயற்கைச் செடிகளை வெளியே அனுப்ப 1999 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி கட்டுப்பாடு உண்டு. இந்தியாவிலும் 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இருக்கிறது.

குரிங்காய் சேஸ் பூங்காவில் பார்த்தது இதுதானா?

இதழ்களை எண்ணுங்கள். ஐந்து என்றால் அது எரியோஸ்டெமன் என்ற வேறு செடி. நான்கு என்றால் இலையைப் பாருங்கள்: ஓர் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்து, பூ நட்சத்திரமாக விரிந்தால் அது போரோனியா லெடிஃபோலியா, அங்கே நிறைய உண்டு. செருலேட்டாவின் இலை பிரியாது; சாய்சதுர வடிவம், ஓரத்தில் நுண்பற்கள், தண்டோடு நெருக்கி அடுக்கியிருக்கும். பறிக்காதீர்கள், பூங்காவில் அது சட்டவிரோதம். பாதையை விட்டு இறங்காதீர்கள், நுழையும் முன் செருப்பு மண்ணைத் தூரிகையால் தட்டுங்கள். வேரழுகல் கிருமி காட்டுக்குள் போகும் வழிகளில் அந்த மண்ணும் ஒன்று.